உராய்வைத் தடுக்கும் படலம்

வண்டியின் இருசுக்கு மை இடாமற் பாரம் ஏற்றினால் மாடுகள் திணறும், குடம் கதறும் என்பதைக் குடியானவர் எவருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. வைக்கோற் கரியை விளக்கெண்ணெயிற் குழைத்து நம் முன்னோர் இட்ட அந்த மையிலே அடங்கியிருக்கும் கேள்வியைத்தான் யந்திர சாஸ்திரிகள் இன்றும் ஆராய்ந்து வருகின்றனர். ஒன்றன்மேல் ஒன்று வழுக்கியோடும் இரு பரப்புகளுக்கிடையே உராய்வை ஏறக்குறைய அறவே நீக்குதல் கூடுமா? கூடுமாயின், பெரிய பாரங்களைத் தாங்கும் யந்திரங்களிலும் கூடுமா? ஆழ்குழாய்க் கிணற்றில் மோட்டார் இறக்கியுள்ள ஒவ்வொருவரும் இக்கேள்வியோடு சம்பந்தப்பட்டவரே.

100 கிலோ எடையுள்ள இரும்பை உலர்ந்த இரும்பின்மேல் இழுக்கப் பல பத்துக் கிலோ விசை வேண்டும். சிறிது மசகு தடவினால் அது சுமார் 10 கிலோவாகக் குறையும். 1 கிலோவுக்கும் கீழே இறங்கினால், அதனை ஏறக்குறைய உராய்வற்ற நிலையென வல்லுநர் கொள்வர். மெருகேற்றிக்கொண்டே போனால் இந்நிலையை அடையலாம் என்று நினைப்பது தவறு. மிகவும் சுத்தமாக மெருகேற்றிய உலோகங்கள் நெருங்கித் தொட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளவே பார்க்கும்.

உண்மையான வழி தற்செயலாகப் புலப்பட்டது. 1883-ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தில் பீச்சம் டவர் என்னும் பொறியாளர், எண்ணெயில் அடிப்பாகம் தோய்ந்து சுழலும் ஓர் அச்சின்மேல் பித்தளைத் தாங்கியை வைத்துப் பரிசோதித்து வந்தார். எண்ணெய் விடுவதற்கென்று தாங்கியின் உச்சியில் ஒரு துளையிட்டார். அச்சு சுழலத் தொடங்கியதும் துளைவழியே எண்ணெய் உள்ளே இறங்குவதற்கு மாறாக மேலே பொங்கி வழிந்தது. தக்கையால் அடைத்தார், தக்கை வெளியே தள்ளப்பட்டது. அழுத்தமானியைப் பொருத்தியபோது முள் சதுர அங்குலத்திற்கு 200 ராத்தலையும் கடந்தது. தாங்கியின்மேல் வைத்த பாரமோ சராசரி 100 ராத்தலே! அச்சு தன் சுழற்சியாலேயே எண்ணெயை இழுத்துச் சென்று, அகன்ற இடத்திலிருந்து குறுகிய இடத்திற்குள் ஆப்புப் போலச் செலுத்துகிறது. அந்த எண்ணெய் ஆப்பு பாரம் முழுவதையும் தூக்கி நிறுத்துகிறது. உலோகம் உலோகத்தைத் தொடுவதேயில்லை. 1886-இல் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் இதனைக் கணக்கினால் விளக்கினார். பாரம் அழுத்தும் பக்கத்தில் எண்ணெய்த் துளை இடலாகாது என்பது இதிலிருந்து கிடைக்கும் பாடம். இன்றும் பழுதுபார்ப்போர் சிலர் இதனைப் பொருட்படுத்துவதில்லை.

நெட்டுக்குத்தாக நின்று சுழலும் அச்சின் எடையைத் தாங்குவது இதனினும் கடினம். தட்டையான வளையத்தின்மேல் தட்டையான வளையம் சுழன்றால் ஆப்பு எங்ஙனம் உண்டாகும்? ஆஸ்திரேலியாவில் மிச்செல் என்பவரும் அமெரிக்காவில் கிங்ஸ்பரி என்பவரும், ஒருவர் முயற்சியை மற்றவர் அறியாமல், ஒரே விடையைக் கண்டனர். வளையத்தைப் பல துண்டுகளாக்கி, ஒவ்வொன்றும் தானே சற்றுச் சாயும்படி ஒரு முளையின்மேல் அமைத்தனர். 1912-இல் பென்ஸில்வேனியாவைச் சேர்ந்த ஹோல்ட்வுட் நீர்மின் நிலையத்தில், 48 அங்குல விட்டமுள்ள இத்தகைய தாங்கி ஒன்று ஏறக்குறைய 200 டன் பாரத்தை ஏற்றது. 75 ஆண்டுகள் கழிந்து, 1987-இல் அமெரிக்க யந்திரப் பொறியாளர் சங்கம் அதனைச் சரித்திரச் சின்னமாகச் சிறப்பித்தபோதும் அது வேலையில் இருந்தது.

எண்ணெயின்றி உலர்ந்த பரப்புகளிலும் இப்பயனைப் பெற முயற்சி நடந்து வருகிறது. பற்கள் ஒத்த இரு சீப்புகள் கவ்விக்கொள்ளும், ஒவ்வாதவை கவ்வமாட்டா. அதுபோலவே பென்சிற்கரியின் அடுக்குகளை, அணு வரிசைகள் பொருந்தாதபடி திருப்பிவைத்தால் உராய்வு மறையக் காண்கின்றனர். 2015-இல் அமெரிக்காவில் ஆர்கான் ஆராய்ச்சிசாலையார் கரியின் மெல்லேடுகளையும் வைரத் துகள்களையும் கொண்டு, கண்ணுக்குத் தெரியும் அளவிலேயே 100-க்கு அரைக் கிலோவுக்கும் குறைந்த உராய்வைக் கண்டனர். ஆனால் அது உலர்ந்த நைட்ரஜன் வாயுவில் நிகழ்ந்தது. ஈரக்காற்றில் அப்பயன் கிட்டவில்லை. ஆகவே வயற்புறத்து யந்திரத்திற்கு அது இன்னும் தொலைவிலேயே இருக்கிறது.

மிச்செலும் கிங்ஸ்பரியும் கண்ட தாங்கியோ நம் கிணற்றுக்குள்ளேயே இருக்கிறது. நீர்மூழ்கி மோட்டாரின் அடியில், சாயும் எஃகுத் துண்டுகளின்மேல் ஒரு கரித்தட்டு சுழன்று, மோட்டாரின் சுழலியின் எடையையும் பம்பின் கீழ்நோக்கிய அழுத்தத்தையும் தாங்குகிறது. நீர் நிரப்பும் வகை மோட்டாரில், மயிரிழையினும் மெல்லிய நீர்ப்படலமே அங்கு எண்ணெயின் வேலையைச் செய்கிறது.

ஆதலால் இறக்குமுன் மோட்டாரினுள் தெளிந்த நல்ல நீரை ஊற்றி, காற்றுக் குமிழிகள் வெளியேறும்வரை பொறுத்து, மீண்டும் நிரப்பி மூடவேண்டும். வாய்க்கால் நீரை அவசரத்தில் மொண்டு ஊற்றிய ஒரு மோட்டாரை மறுபடி வெளியே எடுத்துப் பிரித்தபோது, கரித்தட்டு உழுத நிலம்போற் கீறியிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். வண்டல், படலத்தைவிடப் பருத்தது. சுழலும் திசையைப் பார்ப்பதற்காக, நீர் நிரப்பாத மோட்டாரைக் கரையில் வைத்து ஓட்டும் வழக்கம் அறவே கூடாது. படலம் வேகத்தினாலேயே உண்டாவதால், ஒவ்வொரு முறை நிறுத்திக் கிளப்பும்போதும் கணநேரம் பரப்புகள் தொட்டுத் தேய்கின்றன. ஊராட்சியின் குடிநீர்த் தொட்டிக்கு நீரேற்றுவோர் மணிக்குப் பலமுறை நிறுத்திக் கிளப்பாமல், ஒரே மூச்சில் நிரப்புதல் நலம். சூரிய மின்சக்திப் பம்பை மங்கிய வெயிலில், உற்பத்தியாளர் குறித்த குறைந்தபட்ச வேகத்திற்கும் கீழே ஓடவிடலாகாது. அவ்வேகம் எவ்வளவென்பதை மோட்டாருடன் வரும் கைப்புத்தகத்திற் பார்த்து, கிணற்றடிப் பெட்டியில் எழுதி ஒட்டிவைக்க.