சாவி வாங்கும் முன் அட்வான்ஸ் வேண்டாம்



மேலப்பாளையம், அம்பாசமுத்திரம் பக்கமிருந்து நம்ம பிள்ளைகள் துபாய்க்கு வேலைக்குப் போறாங்க. அங்கே வீடு தேடும்போது சிலர் போனில் அழகான படம் காட்டி, குறைந்த வாடகை சொல்லி, "இன்றே அட்வான்ஸ் அனுப்புங்க" என்று அவசரப்படுத்துவார்கள். பணம் போனதும் போனை எடுக்க மாட்டார்கள். அது நாம் குழுவில் வாங்கிக் கொடுத்த கடன் என்றால், தவணையை நாம்தான் கட்டணும்.

நினைவில் வைப்போம்:

1. வீட்டை நேரில் பார்த்து, சாவி வாங்கும்போதுதான் பணம்.

2. துபாயில் வாடகை ஒப்பந்தத்தை 'இஜாரி' என்ற அரசுப் பதிவில் ஏற்றணும். மறுப்பவரை நம்ப வேண்டாம்.

3. நம்ம ஊர் வங்கிக் கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் உடனே 1930-க்குப் பேசுங்கள். பணம் கைமாறுமுன் வங்கியில் நிறுத்தி வைக்க முடியலாம். துபாயில் இருப்பவர் போலீசுக்கு 901-ல் பேசலாம்.

ஏமாந்ததை மறைக்க வேண்டாம், குழுவில் சொல்லுங்கள்.