தேவேந்திர முனைத் திமிங்கிலங்கள்

திருப்பூர் மாவட்டத்துக் குண்டடம் கடலினின்றும் நெடுந்தொலைவில் அமைந்த ஊர். ஆயினும், அவ்வட்டாரத்துப் பின்னலாடைத் தொழில் கடலை நம்பியே நடைபெறுகின்றது. தைத்த ஆடைகள் தூத்துக்குடி, கொழும்புத் துறைமுகங்களின் வழியே அயல்நாடு செல்கின்றன. தைவான் முதலிய கீழை நாடுகளிலிருந்து பின்னல் எந்திரங்கள் கப்பலேறி வருகின்றன. பாக்கு நீரிணை ஆழமற்றதாதலின், கீழ்க்கடலினின்று வரும் பெருங்கப்பல்கள் இலங்கையின் தென்கோடியாகிய தேவேந்திர முனையைச் சுற்றியே வருதல் வேண்டும். உலகின் நெரிசல் மிகுந்த கடல்வழிகளுள் இதுவும் ஒன்று.

அம்முனைக்கு அருகே கடலடித்தளம் சட்டென்று சரிந்து ஆழ்கின்றது. ஆழநீரில் இரை மிகுதியாதலால் நீலத் திமிங்கிலங்கள் அங்கே கூடுகின்றன. பிற கடல்களில் வாழும் அவற்றின் இனத்தவை பருவந்தோறும் துருவத்தை நோக்கிச் செல்லும். இவையோ ஆண்டு முழுவதும் வெப்பக் கடலிலேயே தங்குகின்றன.

திமி என்னும் பெருமீனை விழுங்குவது திமிங்கிலம் என்பர் வடநூலார். அதனையும் விழுங்கும் திமிங்கிலகிலம் என்றொன்றும் உண்டு என்பது அவர்தம் கற்பனை. உண்மையில் நீலத் திமிங்கிலம் உண்பது விரலளவும் இல்லாத இறால் வகைகளையே. அது மீனும் அன்று. நுரையீரலால் மூச்சு விடுவது, குட்டி ஈன்று பாலூட்டுவது. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு குட்டியே ஈனும். ஆதலின், ஒன்று இறப்பினும் அவ்விழப்பு எளிதில் ஈடாவதன்று.

மூச்சு விடுவதற்கு மேலே வந்தாக வேண்டும் என்பதே அதற்குக் கேடாய் முடிகின்றது. எழுபத்தைந்து அடி நீளமுள்ள விலங்கு கப்பலின் ஒலியைக் கேட்டு விலகாதோ என்று ஐயுறலாம். கப்பலின் எந்திரமும் சுழல்விசிறியும் பின்புறத்தே உள்ளன. அவற்றின் ஒலியை உடற்பகுதி மறைத்தலால், அணியம் எனப்படும் முன்முனைக்கு நேரே ஓசை குறைந்துவிடுகின்றது. ஒலி கேட்டபோதும் நீலத் திமிங்கிலம் விரைந்து ஒதுங்குவதில்லை, மெல்ல அமிழ்கின்றது. ஆயிரம் அடிக்கு மேற்பட்ட கப்பலில் உள்ளோர்க்கோ மோதியதே தெரிவதில்லை. 2012ஆம் ஆண்டு கொழும்புத் துறைமுகத்தில் சரக்குக் கப்பலொன்றின் அணியத்தில் இறந்த திமிங்கிலம் ஒன்று குறுக்கே சிக்கிக் கிடந்தது. இவ்வாறு கரை சேர்வன சிலவே. பல கடலிலேயே மூழ்கிப்போவதால் இறந்தவற்றின் தொகையைக் கணக்கிடல் அரிது.

இதற்குத் தீர்வு இரண்டு. ஒன்று, விரைவை மணிக்குப் பத்துக் கடல்மைலுக்குள் குறைத்தல். மற்றொன்று, வழியையே மாற்றுதல். கூட்டம் மிக்க இடத்தில் இதுவே சிறந்தது. அமெரிக்காவின் பாஸ்டன் துறைமுகத்துக்குச் செல்லும் கப்பல்வழி 2007ஆம் ஆண்டில் திமிங்கிலங்களுக்காக மாற்றப்பட்டது. தேவேந்திர முனையிலும் வழியைத் தெற்கே 15 கடல்மைல், அதாவது ஏறக்குறைய 28 கிலோமீட்டர், தள்ளினால் மோதும் இடர் 95 விழுக்காடு வரை குறையும் என ஆய்வாளர் கணித்துள்ளனர். திமிங்கிலங்களைக் காணச் செல்லும் படகினர்க்கும் மீனவர்க்கும் அதனால் காப்பு உண்டு. எம்.எஸ்.சி. என்னும் பெரிய கப்பல் நிறுவனம் 2022ஆம் ஆண்டிலேயே தன் கப்பல்களைத் தானே முன்வந்து அவ்வழியில் திருப்பியது. ஏனைய கப்பல்களையும் அது கட்டுப்படுத்த வேண்டுமாயின், இலங்கை அரசு முன்மொழிந்து, இலண்டனிலுள்ள பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு அதனை ஏற்றல் வேண்டும்.