சாவி யாரிடம்?

அந்த அறையைத் திறக்க முக்கால் மணி நேரம் ஆனது. கொல்லிமலை அடிவாரத்தில், முள்ளுக்குறிச்சி வட்டாரத்து ஊராட்சி ஒன்றின் பழைய கட்டடம் அது. பூட்டு துருப்பிடித்திருந்தது. சாவி வைத்திருந்தவர் மஞ்சள் காட்டுக்குப் போயிருந்தார். ஒருவழியாகத் திறந்தபோது, கட்டுப் பிரிக்காத கைப்பந்து வலை, பிளாஸ்டிக் உறையோடு கிரிக்கெட் மட்டைகள், காற்றிறங்கிய கால்பந்து இரண்டு, மூலையை எலி கடித்த கேரம் போர்டு எல்லாம் உள்ளே கிடந்தன. வெளியே கோயில் திடலில், தென்னை மட்டையைச் செதுக்கிச் செய்த பேட்டில் பையன்கள் ரப்பர் பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள்.

"உள்ள என்ன இருக்குதுன்னே எங்களுக்குத் தெரியாதுங்க சார்" என்றான் ஒருவன்.

இதை எழுதுபவர் அப்போது இளைஞர் திட்டங்களை உள்ளாட்சிகள் வழியாக ஊருக்குக் கொண்டுசேர்க்கும் வேலைக்குப் புதியவர். சில மாதங்களுக்கு முன்பு 'உபகரணங்கள் வழங்கப்பட்டன' என்ற கட்டத்தில் டிக் போட்டவரும் அவரேதான். பொருள் வந்து இறங்கிய ரசீதைப் பார்த்துப் போட்டார். ஊருக்குப் போய்ப் பார்க்கவில்லை.

விளையாட்டுப் பொருள் ஊருக்கு வருவது தமிழ்நாட்டில் புதிதல்ல. 2006 முதல் 2011 வரை நடந்த அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகமும் விளையாட்டு மையமும் வந்தன. 2020இல் அம்மா இளைஞர் விளையாட்டுத் திட்டம் வந்தது. 2024இல் 33 வகைப் பொருள்கள் அடங்கிய கலைஞர் விளையாட்டு உபகரணங்கள் வந்தன. ஆட்சி மாறியது, பெயர் மாறியது, ஆடும் திடல் மட்டும் அதேதான். பொருள் எத்தனை என்று எல்லாக் கோப்பிலும் எழுதியிருந்தார்கள். சாயங்காலம் ஐந்தரை மணிக்குச் சாவி யார் கையில் இருக்கும் என்பதை எந்தக் கோப்பிலும் எழுதவில்லை.

அதன் பிறகு அவர் போன ஊர்களில் எல்லாம் முதல் வேலை இதுதான். சாவிக்கு இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை ஒரு பையனிடமும் இன்னொன்றை ஒரு பெண்ணிடமும் கொடுப்பார். நாற்பது பக்க நோட்டு ஒன்றில் எடுத்தவர் பெயர், நேரம், திருப்பிக் கொடுத்த நேரம் எழுத வேண்டும். என்னென்ன பொருள் இருக்கிறது என்ற பட்டியலை அறையின் வெளிச்சுவரில் பெயின்டில் எழுதிவிடுவார். பந்து தொலையத்தான் செய்யும். தொலைந்த பந்தைப் பற்றிப் பஞ்சாயத்தில் பேச்சு வந்தால், அந்த ஊரில் யாரோ ஆடுகிறார்கள் என்று அவர் எடுத்துக்கொள்வார்.

இருபத்தொன்பதில் இல்லாதது

73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஏப்ரல் 24இல் நடைமுறைக்கு வந்தது. ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்கவை என்று பதினோராம் அட்டவணை 29 துறைகளைச் சொல்கிறது. குடிநீர், சாலை, நூலகம், தொழிற்பயிற்சி, சந்தை, பெண்கள் குழந்தைகள் மேம்பாடு எல்லாம் அதில் உண்டு. 'இளைஞர்' என்ற சொல் இல்லை, 'விளையாட்டு'ம் இல்லை.

இதன் விளைவை முள்ளுக்குறிச்சிப் பேருந்து நிறுத்தத்தில் நின்றால் கண்ணால் பார்க்கலாம். பத்தொன்பது வயதுப் பையனுக்குத் திறன் பயிற்சி வேண்டுமானால் மகளிர் திட்ட அலுவலகத்தைக் கேட்க வேண்டும். சாதிச் சான்று வருவாய்த் துறையிடம். உதவித்தொகை நலத்துறையிடம். பதிவு மூப்பு வேலைவாய்ப்பு அலுவலகத்தில். ஒவ்வொன்றுக்கும் ராசிபுரமோ நாமக்கல்லோ ஒரு நாள் பயணம். ஒரு நாள் கூலி போச்சு. ஊராட்சி செயலருக்கோ தண்ணீர், தெருவிளக்கு, வரி, நூறு நாள் வேலை என்று கைநிறைய வேலை இருக்கிறது. அவரிடம் போய் இளைஞருக்கென்று புதுத் திட்டம் ஒன்றைத் தொடங்கச் சொன்னால் நடக்காது. மாதத்தில் ஒரு நாள், இரண்டு மணி நேரம், அலுவலகத்தில் ஒரு மேசை கேட்டால் கிடைக்கும். அந்த மேசையில் விண்ணப்பங்களை நிரப்புவதுதான் உள்ளூர் இளைஞர் வேலையில் பாதி.

'சும்மா இருக்கான்'

பன்னிரண்டாம் வகுப்பு வரை ஒரு பிள்ளை எங்கே இருக்கிறது என்று பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் பதிவேட்டில் தெரியும். படிப்பு நின்றவர்களைத் தேடிப்பிடித்துக் கல்லூரியிலோ ஐ.டி.ஐ.யிலோ சேர்க்க, 'நான் முதல்வன்' திட்டத்தின் கீழ் 'உயர்வுக்குப் படி' முகாம்களும் நடக்கின்றன. அதையும் தாண்டியவர்களுக்கு ஊரில் பதிவேடு கிடையாது.

ஆகவே அவர் ஒரு பட்டியல் எழுதத் தொடங்கினார். பதினெட்டிலிருந்து இருபத்தைந்து வயது வரை உள்ளவர்கள், கடைசியாகப் படித்தது என்ன, இப்போது எங்கே. பதில்கள் சில வகைக்குள் அடங்கின. திருப்பூர் பனியன் கம்பெனி. திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் வட நாடு. கேரளத்தில் எஸ்டேட். நூல் மில். கல்யாணமாகிவிட்டது. மிச்சமுள்ளவர்களுக்கு வீட்டார் சொன்ன ஒரே பதில், "சும்மாதான் இருக்கான்."

முதல் முறை அதை அப்படியே எழுதிக்கொண்டார். மூன்றாம் முறை போனபோதுதான் சும்மா இருப்பவர் யாருமில்லை என்று புரிந்தது. ஒருவன் கணக்கில் மட்டும் தேறாமல், திரும்ப எழுத வெட்கப்பட்டுக்கொண்டு இருந்தான். ஒருத்தி படுத்த படுக்கையான பாட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொருவன் பழங்குடியினர் சான்றுக்காகக் காத்திருந்தான். மூவருக்கும் தேவை வேறுவேறு. ஒரே தையல் பயிற்சியிலும் ஒரே கணினி வகுப்பிலும் மூவரையும் உட்கார வைத்தால் மூன்றாம் நாள் நாற்காலி காலியாக இருக்கும்.

காகிதத்தை முன்கூட்டியே தொடங்குங்கள்

இந்த வட்டாரத்தில் மலையாளி பழங்குடிக் குடும்பங்கள் நிறைய. தமிழ்நாட்டில் 1989 நவம்பரிலிருந்து பழங்குடியினர் சான்றிதழை வட்டாட்சியர் தருவதில்லை. கோட்டாட்சியர்தான் தர வேண்டும். விசாரணை உண்டு, பெற்றோர் சான்று கேட்பார்கள், நாள் பிடிக்கும். கல்லூரி விண்ணப்பம் வந்த பிறகு சான்றுக்கு ஓடினால் ஓராண்டு போய்விடும். பத்தாம் வகுப்பிலேயே தொடங்க வேண்டும் என்பது அவர் பட்டுத் தெரிந்துகொண்டது.

அடுத்த சிக்கல் பெயர். பள்ளிச் சான்றிதழில் ஓர் இனிஷியல், ஆதாரில் வேறொன்று, வங்கிப் புத்தகத்தில் அப்பா பெயரே இல்லை. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில். இரண்டிலும் பணம் பிள்ளையின் கணக்குக்கே போகிறது. ஆனால் ஆதார் எந்தக் கணக்கோடு இணைந்திருக்கிறது என்று பார்க்காவிட்டால், பள்ளி நாளில் திறந்து மறந்துபோன கணக்கைத் தேடி அலைய வேண்டியிருக்கும். ஆண்டகளூர்கேட் திருவள்ளுவர் அரசுக் கல்லூரிக்குப் போய்வர ஆகும் செலவைக் கணக்குப் போடும் வீட்டுக்கு அந்த ஆயிரம் பெரிது. ஆளுக்கொரு பிளாஸ்டிக் ஃபைல், அதில் எல்லாவற்றிலும் இரண்டு நகல், எல்லாவற்றிலும் ஒரே பெயர். செலவு இருபது ரூபாய். அவர் செய்த வேலைகளில் அதிகம் பலன் தந்தது இதுதான்.

தை மாதத்தில் வகுப்பு வைக்காதீர்கள்

அவருடைய பெரிய சறுக்கல் ஒரு தை மாதத்தில் நடந்தது. பயிற்சி நிறுவனம் ஒன்றோடு பேசி, இடம் பார்த்து, தினமும் காலை பத்து மணிக்கு வகுப்பு. முதல் நாள் அறை நிறைந்தது. மாதக் கடைசியில் பாதிப் பேர்கூட மிஞ்சவில்லை. பிள்ளைகளுக்கு ஆர்வம் இல்லை என்று அறிக்கை எழுதத் தொடங்கியவரை, குழுத் தலைவியான ஓர் அம்மா நிறுத்தினார்.

"மேல மொளகு பறிக்கறாங்க, கீழ மஞ்சள் வெட்டறாங்க, குச்சிக்கிழங்கு புடுங்கறாங்க. இந்த மூணு மாசம் வேலைக்குப் போனாத்தாங்க அடுத்த ஆறு மாசம் ஓடும். இப்பப் போயி வகுப்பு வெச்சா யாருங்க வருவாங்க?"

அன்றிலிருந்து அவருடைய காலண்டரில் நிதியாண்டோடு பருவமும் ஏறியது. தையிலிருந்து பங்குனி வரை விண்ணப்ப வேலை மட்டும். வகுப்புகள் ஆனியில். ஆடிப் பெருக்கை ஒட்டி ஒரு வாரம் விடுமுறை. கொல்லிமலை ஆடி விழாவுக்கு வெளியூரில் இருப்பவர்களும் வந்துவிடுவார்கள். பட்டியலைப் புதுப்பிக்க அதைவிட நல்ல நாள் கிடையாது.

நேரத்தைத் தீர்மானிப்பது பேருந்து. 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அந்தப் பேருந்து வந்து போகும் நேரத்துக்கு வகுப்பை மாற்றியதும் பெண்கள் வருகை கூடியது. இருட்டுவதற்குள் வீடு சேரும் நேரம், வகுப்பில் தெரிந்த ஓர் அக்கா, தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை. இந்த மூன்றும் இருந்தால் பெற்றோர் மறுப்பு தானாகக் குறைகிறது. படிப்பும் பயிற்சியும் நீளும் வீட்டில் பதினேழு வயதுக் கல்யாணப் பேச்சும் தள்ளிப்போவதை அவர் பலமுறை பார்த்திருக்கிறார்.

வேலை கிடைத்த பிறகு

கிராமப்புற இளைஞர்களுக்கான தீனதயாள் உபாத்தியாய கிராமின் கௌசல்யா திட்டம் 2014இல் வந்தது. பயிற்சி பெற்றவர்களில் குறைந்தது 70 சதவீதம் பேருக்கு வேலை வாங்கித்தர வேண்டும் என்பது அதன் நிபந்தனை. மூன்று மாதம் வேலையில் நீடித்தால்தான் கணக்கில் சேரும். ஆள் திரும்பிவருவது பெரும்பாலும் அந்த மூன்று மாதத்துக்குள்தான். காரணம் கேட்டால் பெரிதாக எதுவும் இருக்காது. விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை. முதல் சம்பளம் பத்து நாள் தள்ளிப்போனது. பொங்கலுக்கு வந்தவனுக்குத் திரும்பப் போகப் பேருந்துக் காசில்லை.

அதனால் மூன்று போன் அழைப்புகளை அவர் வழக்கமாக்கினார்: சேர்ந்த நான்காம் நாள், முதல் சம்பள நாள், பண்டிகை முடிந்த மறுநாள். பேச வேண்டியவர் அதே ஊரிலிருந்து அதே கம்பெனிக்கு முன்பே போன பையன். அதிகாரியிடம் "நல்லா இருக்கேன் சார்" என்பவன் அவனிடம்தான் உண்மையைச் சொல்வான்.

வெளியூர் போக முடியாதவர்களுக்கு வங்கிகள் நடத்தும் ஊரகச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனங்கள் இருக்கின்றன. 1982இல் கர்நாடகத்தின் உஜிரேயில் தொடங்கிய ருட்செட்டி முயற்சிதான் அவற்றுக்கு முன்மாதிரி. தங்கிப் படிக்கலாம், கட்டணமில்லை. முடித்த பின்பும் இரண்டாண்டு வரை தொடர்ந்து வழிகாட்ட வேண்டும் என்பது விதி. அந்த இரண்டாண்டை யாரும் கேட்டு வாங்குவதில்லை. கடன் விண்ணப்பம் எங்கே நிற்கிறது என்று நிறுவனத்துக்கு மாதம் ஒரு கடிதம் எழுதினால் போதும். ஆள் நினைவில் இருப்பார்.

லாரித் தொழிலுக்குப் பேர்போன நாமக்கல்லில் பையன்களின் கனவு ஹெவி லைசென்ஸ். எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்ற பழைய விதி 2019இல் நீங்கிவிட்டது. இது பலருக்கு இன்னும் தெரியாது. சரக்கு வாகன உரிமத்துக்கு 20 வயது ஆக வேண்டும்; அதற்கான பழகுநர் உரிமம் கேட்க, இலகுரக வாகன உரிமம் எடுத்து ஓராண்டு ஆகியிருக்க வேண்டும். பதினெட்டிலேயே கார் உரிமம் எடுத்தவனுக்கு வழி நேராக இருக்கும். இருபது வயதில் வந்து கேட்பவன் இன்னும் ஓராண்டுக்கு மேல் ரிக் வண்டியில் கிளீனராகவே இருப்பான். இதை ஒரு சார்ட்டில் எழுதித் தேநீர்க் கடையில் ஒட்டியபோது, கூட்டம் போட்டுச் சொன்னதைவிட அதிகம் பேர் கேட்டு வந்தார்கள்.

நோட்டில் ஏறட்டும்

அமெரிக்காவின் பாஸ்டன் நகராட்சி 2014இல் பத்து லட்சம் டாலரை ஒதுக்கி, அதை எதற்குச் செலவிடலாம் என்பதை இளையோர் வாக்குக்கு விட்டது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கும் வாக்குரிமை தந்தது. நம் கிராம சபையில் வாக்காளர் பட்டியலில் இருப்பவர்தான் உறுப்பினர். பதினேழு வயதுக்காரருக்கு அங்கே இடமில்லை. ஆனால் 2022 முதல் தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள். இளையோரின் கோரிக்கையை அக்கா, அண்ணன் யாராவது எழுந்து படிக்கலாம்.

முக்கியமானது, அது தீர்மானப் புத்தகத்தில் ஏற வேண்டும். 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5இல் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். தலைவரின் வாய்மொழியில் ஓடிக்கொண்டிருந்த ஏற்பாடுகள் பலவும் அன்றோடு நின்றன. 'மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை ஊராட்சி அலுவலகத்தில் இளையோருக்கான விண்ணப்ப உதவி' என்று தீர்மானமாக எழுதியிருந்த இடத்தில், புதிதாக வந்தவர் அதைப் படித்துவிட்டு மேசையை எடுத்துப் போடச் சொன்னார்.

பூட்டிக் கிடந்த அந்த அறைக்கு அண்மையில் அவர் மறுபடி போனார். திறக்க இரண்டு நிமிடம் ஆனது. நாற்பது பக்க நோட்டு தீர்ந்து, இரண்டாவது நோட்டு ஓடுகிறது. கடைசிப் பக்கத்தில் பச்சை மையில் ஒரு வரி: 'வலை கிழிந்துள்ளது. காற்றடிக்கும் பம்பு மேலத்தெரு பெண்களிடம் உள்ளது. ஞாயிறு வாங்கிக்கொள்ளவும்.'