காற்றும் ஒரு மலைதான்: தென்காசி முதல் கன்னியாகுமரி வரை ஒரு சைக்கிள் கணக்கு

செமஸ்டர் லீவ் நெருங்கினாலே ஹாஸ்டலில் ஏதாவது ஒரு ரூமில் சைக்கிள் ட்ரிப் பிளான் ஆரம்பித்துவிடும். ஒருத்தர் போனில் மேப்பைத் திறப்பார். திருநெல்வேலியிலிருந்து தென்காசி சுமார் 54 கி.மீ. மணிக்கு 18 கி.மீ. வேகம்னு வச்சா மூணு மணி நேரம். "காலைல கிளம்பினா மதியம் குற்றாலத்துல குளியல், சாயங்காலம் ரிட்டர்ன்!" பிளான் முடிந்தது.

இந்த வகுத்தல் கணக்கு ஏன் தப்பு, சரியான கணக்கை எப்படிப் போடுவது என்பதுதான் இந்தக் கட்டுரை. பயப்படாதீங்க, முதல் வருஷ பிசிக்ஸ் போதும். உதாரணத்துக்குத் தமிழ்நாட்டின் தென்கோடியை எடுத்துக்கொள்கிறேன். மலையடிவாரம், தாமிரபரணி வயல்வெளி, கடற்கரை என்று மூன்றும் மூன்று நாளில் கிடைக்கிற பகுதி அது.

உங்களைத் தடுக்கும் மூன்று விசைகள்

நீங்கள், சைக்கிள், பை எல்லாம் சேர்த்து 90 கிலோ என்று வைத்துக்கொள்வோம். எடை சுமார் 882 நியூட்டன்.

முதலாவது, டயர் தரையில் உருள்வதால் வரும் தடை. சாதாரண டயர், சுமாரான ரோடு என்றால் எடையில் 0.8% போடலாம். அதாவது 7 நியூட்டன். வேகம் கூடினாலும் இது பெரிதாக மாறாது.

இரண்டாவது, ஏற்றம். 1% ஏற்றம் கண்ணுக்கே தெரியாது, ஆனால் அது 8.8 நியூட்டன். டயர் தடையைவிட அதிகம்! 5% ஏற்றம் என்றால் 44 நியூட்டன். அங்கே நிதானமாக மிதித்தால் நடக்கிற வேகம்தான் வரும்.

மூன்றாவது, காற்று. நிமிர்ந்து உட்கார்ந்து, பின்னால் பையும் கட்டியிருந்தால், முகப்புப் பரப்பையும் தடைக் கெழுவையும் பெருக்கி 0.5 சதுர மீட்டர் என்று எடுக்கலாம். காற்றின் அடர்த்தி 1.15. ஆக, காற்றுத் தடை = 0.29 × வேகத்தின் வர்க்கம். வேகத்தை மீட்டர்/நொடியில் போட வேண்டும்.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கு. தடை விசையைக் கண்டுபிடிக்கும்போது வேகம் என்பது *காற்றைப் பொறுத்து* உங்கள் வேகம். திறனைக் கண்டுபிடிக்கும்போது அந்த விசையை *தரையைப் பொறுத்த* வேகத்தால் பெருக்க வேண்டும். ரெண்டையும் குழப்பினால் விடை தப்பிவிடும்.

இப்போ காற்றே இல்லாத நாளில், சமதளத்தில், 18 கி.மீ. வேகம் (5 மீ/நொடி). காற்றுத் தடை 7.2, டயர் 7. மொத்தம் 14.2 நியூட்டன். ஐந்தால் பெருக்கினால் 71 வாட். நம்மில் பலர் சில மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய அளவுதான்.

அதே ரோடு, அதே வேகம், ஆனால் எதிர்க்காற்று மணிக்கு 18 கி.மீ. என்றால்? காற்றைப் பொறுத்து உங்கள் வேகம் 10 மீ/நொடி. காற்றுத் தடை நான்கு மடங்காகி 28.75 நியூட்டன் ஆகிவிடும். தேவையான திறன் 179 வாட். அதை நம்மால் ரொம்ப நேரம் கொடுக்க முடியாது. 71 வாட்டிலேயே மிதித்தால் வேகம் 10.3 கி.மீ.க்கு இறங்கிவிடும். திரும்பி நின்று அதே காற்றை முதுகில் வாங்கினால் 27.8 கி.மீ. கிடைக்கும்.

54 கி.மீ.க்கு நேரம் பாருங்க:
காற்று இல்லாமல் 3 மணி நேரம்.
பின்காற்றில் 1 மணி 57 நிமிடம்.
எதிர்க்காற்றில் 5 மணி 15 நிமிடம்.

"போகும்போது எதிர்க்காற்று, வரும்போது பின்காற்று, சமமாயிடும்" என்று சொல்பவர்களுக்கு: போய்வர 7 மணி 12 நிமிடம் ஆகிறது. காற்றில்லாத நாளில் 6 மணி நேரம். சமமாகாது. லாபத்தைவிட நஷ்டம் எப்போதும் அதிகம்.

இந்த ஊரில் மலை எங்கே இருக்கிறது?

தென்காசி, திருநெல்வேலியைவிடச் சுமார் 100 மீட்டர்தான் உயரம். அந்த 100 மீட்டர் ஏற 88 கிலோஜூல் போதும். 54 கி.மீ. டயர் தடைக்கு 380 கிலோஜூல். காற்றில்லாத நாளில் காற்றுத் தடைக்கு 390. எதிர்க்காற்றில், அதே 18 கி.மீ. வேகத்தில் போக நினைத்தால், காற்றுக்கு மட்டும் 1,550!

கூடுதலாகச் செலவான 1,160 கிலோஜூலை எடையால் வகுத்தால் சுமார் 1,300 மீட்டர். சேலத்திலிருந்து ஏற்காடு ஏறுகிற உயரத்தைவிடக் கொஞ்சம் அதிகம். மேப்பில் சமதளமாகத் தெரியும் ரோட்டில், கண்ணுக்குத் தெரியாத ஒரு ஏற்காடு படுத்துக் கிடக்கிறது.

18 கி.மீ. காற்றெல்லாம் அங்கே வருமா? தாராளமாக வரும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதுகிறது. மலைச்சுவரில் தாழ்வான இடைவெளிகள் பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி ஆகிய கணவாய்கள். அகலமான குழாயிலிருந்து குறுகலான குழாய்க்குள் தண்ணீர் போனால் வேகம் கூடுமே, அதே மாதிரி காற்று அங்கே நெருக்கியடித்து வேகமெடுக்கிறது. முப்பந்தலில் அவ்வளவு காற்றாலைகள் நிற்பதற்கும், கயத்தாறில் காற்றாலை சோதனை நிலையம் இருப்பதற்கும் காரணம் இதுதான். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும்னு நம்ம பாட்டிகள் சும்மா சொல்லவில்லை.

குற்றால சீசனும் அதே மாதங்களில்தான். அருவியில் தண்ணீர் கொண்டுவருவதும், உங்களைத் திருநெல்வேலிப் பக்கமே தள்ளிவிடுவதும் ஒரே காற்று. அதனால் சீசன் நேரத்தில் திருநெல்வேலியிலிருந்து மேற்கே மிதிக்காதீங்க. ரயிலில் தென்காசி போய், அங்கிருந்து கிழக்கே மிதிங்க.

முதல் நாள்: தென்காசி – அம்பாசமுத்திரம் – திருநெல்வேலி, சுமார் 75 கி.மீ.

ஆலங்குளம் வழி நேர் ரோடு குறைவான தூரம். ஆனால் பார்க்க வேண்டியது அம்பை ரோடு. பாரதியாரின் மனைவி செல்லம்மாவின் ஊரான கடையம் வழியாக, வலதுபுறம் மலையைப் பார்த்தபடியே போகலாம். அம்பை வரை பாதை தெற்கு, தென்கிழக்காகப் போவதால் காற்று பெரும்பாலும் பக்கவாட்டில் அடிக்கும். லாரி உங்களை முந்தும்போது காற்று சட்டென்று நின்று, அது கடந்ததும் மறுபடி தள்ளும். ஹேண்டிலை இரண்டு கையாலும் பிடிங்க, வெள்ளைக் கோட்டின் மேலேயே ஓட்டாதீங்க.

அம்பைக்குப் பிறகு கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி, பாய்க்குப் பேர்போன பத்தமடை. பாதை கிழக்கே திரும்பிவிடும். வயல்களுக்கு நடுவே முழுப் பின்காற்று, சொர்க்கம்! ஒரே ஒரு எச்சரிக்கை. பின்காற்றில் உடம்பில் காற்றே படாது, வியர்வை காயாது, சூடு தெரியாமல் ஏறும். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் தண்ணீர் குடிங்க.

பாபநாசத்துக்கு மேலே களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகம். வனத்துறை சோதனைச் சாவடி இருக்கிறது. அனுமதி இல்லாமல் மேலே போகும் திட்டமே வேண்டாம்.

இரண்டாம் நாள்: திருநெல்வேலி – திருச்செந்தூர், சுமார் 60 கி.மீ.

இதுவும் அதே தென்கிழக்குத் திசை, அதே பின்காற்று. கிருஷ்ணாபுரம் கோயில் சிற்பங்கள், ஆதிச்சநல்லூர் அகழாய்வு இடம், தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டு உள்ள ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி என்று நின்று நின்று போகலாம். மற்ற மாதங்களில் போனால் காலையிலேயே முடித்துவிடுங்க. மதியத்துக்கு மேல் கடற்காற்று கடலிலிருந்து கரைக்கு வீசும், அது உங்களுக்கு நேர் எதிர்.

மூன்றாம் நாள்: திருச்செந்தூர் – கன்னியாகுமரி, சுமார் 90 கி.மீ.

குலசேகரப்பட்டினம், மணப்பாடு, உவரி, கூடங்குளம் வழியாகக் கடலோரமாகவே பாதை. இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளம் வருகிற ஊர் ஒன்று, புனித சவேரியார் தங்கியதாகச் சொல்லப்படும் குகை உள்ள ஊர் ஒன்று. பார்க்க நிறைய இருக்கு.

ஆனால் ஜூலையில் இதை முந்தைய இரண்டு நாளோடு சேர்க்காதீங்க! பாதை இப்போது தென்மேற்கே திரும்பிவிட்டது. மேற்கிலிருந்து வரும் காற்றுக்கும் உங்கள் பாதைக்கும் சுமார் 36 டிகிரிதான் வித்தியாசம். கொசைன் 36 = 0.81. அதாவது காற்றில் எண்பது சதவீதம் உங்கள் முகத்தில். பக்கத்துத் தேரிக்காட்டின் செம்மணல் வேறு கண்ணில் விழும். முக்கியமாக, இந்த 90 கி.மீ.யில் ரயில் பாதை கிடையாது. முடியவில்லை என்றால் ஏறி வர வழி குறைவு.

இதே பாதை ஜனவரி, பிப்ரவரியில் தலைகீழ். அப்போது வடகிழக்குக் காற்று, உங்கள் முதுகுக்கு நேராக. அதனால் என் பரிந்துரை: முதல் இரண்டு நாள் பாதை சீசனில், கடலோரப் பாதை பொங்கல் லீவில். வட்டமாகச் சுற்றி வரணும்னு அடம்பிடிக்காதீங்க. ஒரு வழி சைக்கிள், ஒரு வழி ரயில். நவம்பர், டிசம்பர் வேண்டவே வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. இந்தப் பாதை முழுக்க வெள்ளம்.

உங்க ஊர்ப் பாதைக்கும் இதே கணக்கு

1. பாதையைத் திசை மாறும் இடங்களில் துண்டு துண்டாகப் பிரிங்க.
2. ஒவ்வொரு துண்டுக்கும் உயர வித்தியாசம் எழுதுங்க.
3. வானிலை அறிக்கையில் காற்றின் வேகம் 10 மீட்டர் உயரத்துக்குச் சொல்வார்கள். திறந்தவெளியில் உங்கள் உயரத்துக்கு அதில் முக்கால் பங்கு எடுத்தால் போதும். 24 என்று சொன்னால் 18.
4. காற்றுக்கும் பாதைக்கும் உள்ள கோணத்தின் கொசைனால் பெருக்குங்க.
5. நேரத்தைக் கூட்டுங்க. கடைசித் துண்டு சூரியன் மறைய ஒரு மணி நேரம் முன்பே முடிய வேண்டும்.
6. பாதி வழியில் கணக்கைவிடக் கால்வாசி நேரம் அதிகமாகியிருந்தால் பக்கத்து ஸ்டேஷனுக்குப் போயிடுங்க. அம்பாசமுத்திரம், ஸ்ரீவைகுண்டம், திருச்செந்தூர் எல்லாவற்றிலும் ரயில் நிற்கும்.

யாருடைய கால்களை வைத்துக் கணக்கு?

இதுதான் எனக்கு முக்கியமான கேள்வி. பிளான் போடுபவர் பெரும்பாலும் குரூப்பிலேயே நல்லா மிதிப்பவர். அவர் 71 வாட் கொடுக்கிறார். வாடகை சைக்கிளில், முதல் தடவையாக வருகிற நண்பர் 50 வாட் கொடுக்கிறார் என்று வையுங்க. 54 கி.மீ.யில் இருவருக்கும் இடைவெளி எவ்வளவு?

பின்காற்றில் சுமார் 20 நிமிடம். ஒரு டீக்கடையில் காத்திருந்தால் வந்து சேர்ந்துவிடுவார். காற்றில்லாமல் 36 நிமிடம். எதிர்க்காற்றில் 1 மணி 25 நிமிடம். முதல் ஆள் 5 மணி 15 நிமிடத்தில் சேரும்போது, கடைசி ஆளுக்கு 6 மணி 40 நிமிடம். அந்தக் கடைசி மணி நேரம் அவர் லாரி ஓடும் ரோட்டில், அநேகமாக இருட்டில், தனியாக இருக்கிறார். காற்று கூடக் கூட குரூப்பே பிய்ந்துபோகிறது.

அதனால் கணக்கை 71 வாட்டில் போடாதீங்க, 50-ல் போடுங்க. எதிர்க்காற்று வந்தால் வேகமானவர் முன்னால், மெதுவானவர் அவருக்கு நேர் பின்னால். முன்னால் போகிறவரின் உடம்பு காற்றை மறைக்கும், பின்னால் இருப்பவருக்குத் தடை நன்றாகக் குறையும். நல்லா மிதிக்கிறவருக்கு இந்த ட்ரிப்பில் உள்ள வேலையே அதுதான்.

இந்த வாரம் ஒரு வேலை. உங்க குரூப் பிளான் பண்ணியிருக்கும் பாதையை எடுத்து, ஆறு படிகளையும் ஒரு தாளில் போட்டுப் பாருங்க. குரூப்பில் யார் ரொம்ப மெதுவாக மிதிப்பாரோ, அவரிடம் அந்தத் தாளைக் கொடுங்க. அவர் சரின்னு சொன்னால் டிக்கெட் போடலாம்.