நகரின் எல்லைக்கோடு

நகரம் ஒன்றின் எல்லையை ஆறும் மலையும் மட்டுமே வகுத்துவிடுவதில்லை. அரசு வெளியிடும் அறிவிக்கையே அதனை வகுக்கிறது. ஆனால், அறிவிக்கை வருமுன்பே மக்கள் எல்லையைக் கடந்து குடியேறிவிடுகின்றனர். மாநகரப் பேருந்து கோட்டைத் தாண்டி ஓடும். மாநகராட்சியின் குப்பை வண்டியோ கோட்டருகே திரும்பிவிடும். அந்தக் கோட்டுக்கு அப்பால் வாழ்பவரின் நிலை என்ன?

சென்னை மாநகராட்சி 1688இல் தொடங்கப்பெற்றது. 1708இல் திருவொற்றியூர், கத்திவாக்கம், நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, சாத்தங்காடு ஆகிய ஐந்து சிற்றூர்களைக் கிழக்கிந்தியக் கம்பெனி பெற்றது. இவற்றுள் திருவொற்றியூரும் கத்திவாக்கமும் பிற்காலத்தில் தனி நகராட்சிகளாக விளங்கி, 2011இல் மாநகராட்சியோடு இணைந்தன. ஒருமுறை வரைந்த கோடு என்றும் நிலைக்கும் என்று எண்ணுவதற்கில்லை.

எந்தப் பகுதியை நகர்ப்புறம் எனக் கொள்வது? அரசமைப்பின் 74ஆவது திருத்தம் இதற்கு அளவுகோல்களைச் சுட்டுகிறது. மக்கள்தொகை, அதன் அடர்த்தி, உள்ளாட்சிக்குக் கிடைக்கும் வருவாய், வேளாண்மை அல்லாத தொழில் செய்வோரின் விழுக்காடு, பொருளாதார முதன்மை ஆகியவற்றைக் கருத்திற்கொண்டு முடிவு செய்ய வேண்டும். அளவுகோல்கள் தெளிவானவையே. ஓர் ஊர் தன் ஊராட்சியை இழப்பதை அவற்றால் அளக்க இயலாது.

2011இல் 9 நகராட்சிகள், 8 பேரூராட்சிகள், 25 ஊராட்சிகள் என 42 உள்ளாட்சிகள் சென்னையோடு இணைக்கப்பட்டன. 174 சதுர கிலோமீட்டராக இருந்த பரப்பு 426 ஆக விரிந்தது. வார்டுகள் 155இலிருந்து 200 ஆயின. அவற்றுள் பழைய நகருக்கு 107, புதிய பகுதிகளுக்கு 93. நகரம் பெருத்தபோது பழைய நகரத்தாரின் பேராளர் எண்ணிக்கை குறைந்தது. புதிதாகச் சேர்ந்தோர்க்கோ, தெருமுனையில் கண்டு பேசக்கூடிய ஊராட்சித் தலைவர் இல்லாமற்போனார். கிராம சபை நின்றது. ஊரகங்களுக்கே உரியதான நூறு நாள் வேலைத் திட்டமும் அங்கு நீங்கியது.

இணைப்பினால் நன்மையே இல்லை என்று கூறுவது பொருந்தாது. பெருங்குடி 2011 வரை தனிப் பேரூராட்சி. அப்போதும் மாநகரின் குப்பை பல்லாண்டுகளாக அங்குள்ள சதுப்புநிலத்தில்தான் கொட்டப்பட்டது. நகரம் தன் கழிவை எல்லைக்கு அப்பால் அனுப்பியது. அங்கு வாழ்ந்தோர்க்கு மாநகராட்சி மன்றத்தில் வாக்கில்லை. எல்லை விரிந்தபின் அக்குப்பைமேடு நகரின் உள்ளேயே வந்தது. பிறகு அதனைப் பயோமைனிங் முறையில் பிரித்தகற்றி நிலத்தை மீட்கும் பணி மேற்கொள்ளப்பட்டது. பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022இல் ராம்சார் தலமாக அறிவிக்கப்பட்டது.

கண்ணகி நகரின் கதை இன்னும் கூர்மையானது. நகரின் நடுவே குடிசைகளில் வாழ்ந்த குடும்பங்கள், 2000ஆம் ஆண்டையொட்டி, அன்று ஊராட்சியாக இருந்த ஒக்கியம் துரைப்பாக்கத்தில் குடியமர்த்தப்பட்டன. எல்லைக்கு வெளியே அனுப்பப்பட்டோரைத் தேடி, 2011இல் எல்லையே வந்து சேர்ந்தது! ஆயினும் அவர்கள் விட்டுவந்த பணியிடமும் பள்ளியும் அவர்களுடன் வரவில்லை.

நகரின் வெளிக்கோடு போலவே, சீரமைப்புக்கான உட்கோடும் உண்டு. 1971ஆம் ஆண்டின் குடிசைப் பகுதிச் சட்டப்படி, ஓரிடம் குடிசைப் பகுதி என அறிவிக்கப்பட்டால் மேம்பாட்டுக்கும் சட்டப் பாதுகாப்புக்கும் உரியதாகிறது. இக்கோட்டுக்குள் அடங்காத தெருவுக்கு அவ்வுரிமை எளிதில் வாய்ப்பதில்லை. ஆகவே, எங்குக் கோடு வரைவது என்பதைக் காட்டிலும், யாரைக் கேட்டு வரைவது என்பதே முதன்மையான வினா.

ஆலந்தூர் இதற்கொரு சான்று. தனி நகராட்சியாக இருந்த காலத்தில், 1990களின் பிற்பகுதியில், அது பாதாளச் சாக்கடைத் திட்டத்தை மக்கள் பங்களிப்புடன் தொடங்கியது. வீட்டிணைப்புக்கு 5000 ரூபாய் செலுத்துமாறு குடியிருப்போர் சங்கங்களிடம் கேட்கப்பட்டது. தத்தம் தெருவின் பயன் இன்னதென்று விளங்கியதால் மக்கள் முன்வந்து செலுத்தினர். அந்த நகராட்சியும் 2011இல் சென்னைக்குள் அடங்கியது. குழாய்கள் நிலைத்தன. அவற்றைப் பற்றிக் கேட்க வேண்டிய இடமோ சென்னைக் குடிநீர் வாரியமாயிற்று.

நகர்ப்புற வார்டுகளில் மக்கள் கூடிப் பேசுவதற்கான பகுதி சபைகள் தமிழ்நாட்டில் 2022இல்தான் நடைமுறைக்கு வந்தன. அதற்குள் அந்த 25 ஊராட்சிகள் தம் கிராம சபையை இழந்து பதினோர் ஆண்டுகள் கடந்திருந்தன.