டர்போவா, ஹைபிரிட்டா? வாங்கும் முன் ராத்தாவின் டிப்ஸ்

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்ததிலிருந்து, கொஞ்சம் சொகுசான சின்ன எஸ்யூவி எடுக்க நினைக்கிற தம்பி தங்கச்சிமார் என்னிடம் கேட்பது இதைத்தான். டொயோட்டா சி-எச்ஆரில் டர்போவும் உண்டு, ஹைபிரிட்டும் உண்டு. கை கொஞ்சம் தாராளமென்றால் லெக்ஸஸ் என்எக்ஸ். அதிலும் இரண்டும் உண்டு. வெளியே பார்க்க ஒரே வண்டிதான்.

விற்கிறவர் சொல்லும் கிலோமீற்றர் கணக்கை ஒரு பக்கம் வையுங்க. உங்கட ஓட்டம் எந்த ரோட்டில் என்று முதலில் பாருங்க. தோப்பூரிலிருந்து மூதூர் போய், கிண்ணியாப் பாலம் தாண்டித் திருகோணமலை சேரும் வரை பெரிய ஏற்றம் எதுவும் இல்லை. கொழும்புக்குப் போனாலும் கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை என்று நீளமான ரோடு, நெரிசல் பிறகுதான்.

டர்போவில், எஞ்சின் வெளியே தள்ளுகிற புகையே ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழற்றி, உள்ளே கூடுதல் காற்றை அழுத்தி அனுப்பும். அதனால்தான் வெறும் 1.2 லீற்றர் சி-எச்ஆர் டர்போ 1500 சுற்றிலேயே 185 நியூட்டன் மீற்றர் இழுவை தருகிறது. குடும்பத்தோடும் சாமானோடும் மலைநாட்டுக்கு ஏறும்போது இது பெரிய உதவி. 2014இல் வந்த என்எக்ஸில் டர்போவுக்கு 238 குதிரைவலு, ஹைபிரிட்டுக்கு 197.

ஆனால் அந்தச் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு இலட்சம் தடவைக்கு மேல் சுழலும். அதன் அச்சைக் காப்பது எஞ்சின் ஒயில்தான். ஆகவே பாவித்த டர்போ பார்க்கப் போனால் காலையில், எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது போங்க. ஒயில் மூடியைக் கழற்றி உட்பக்கத்தை விரலால் தடவுங்க. தார் மாதிரிக் கெட்டியாகப் படிந்திருந்தால் விலையே பேச வேண்டாம். பிறகு ஸ்டார்ட் பண்ணச் சொல்லிப் பின்னால் நில்லுங்க. நீலப் புகை வந்தால் ஒயில் எரிகிறது என்று அர்த்தம். பெற்றோலையும் கேளுங்க. சி-எச்ஆர் டர்போ ஜப்பானில் சாதாரண பெற்றோலில் ஓடுகிற வண்டி. என்எக்ஸ் டர்போ உயர் ஒக்ரேன் கேட்கும். நீங்கள் வழக்கமாக அடிக்கிற செட்டில் 95 தவறாமல் கிடைக்குமா என்று விசாரிக்காமல் அதை எடுக்காதீங்க.

ஹைபிரிட் பிரேக் பிடிக்கும்போது சம்பாதிக்கிற வண்டி. வீணாகப் போகிற வேகத்தை மோட்டார் மின்சாரமாக்கிப் பற்றரியில் சேர்க்கும். நின்று நின்று போகும் டவுனில் மிச்சம் அதிகம்; ஒரே வேகத்தில் ஓடினால் அந்த மிச்சம் குறையும். இன்னொன்றை யாரும் சொல்வதில்லை. சி-எச்ஆர் ஹைபிரிட்டில் ஏசி மின்சாரத்தில் ஓடும். சித்திரை வெயிலில் பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும்போது, எஞ்சின் பெரும்பாலும் நின்றபடியே இருக்க, வண்டி குளிர்ச்சியாக இருக்கும்.

பின் சீற் ஓரத்தில் சின்னக் காற்றுத் துவாரம் இருக்கும். பற்றரியைக் குளிர்விக்கும் காற்று அதன் வழியாகத்தான் போகும். நம்மட மணலும் தூசியும் அதை அடைத்தால் பற்றரி சூடேறி ஆயுள் குறையும். பிள்ளைகளின் பையை அதில் சாய்க்க விடாதீங்க, சேர்விஸ்போது அந்த பில்டரைக் கட்டாயம் சுத்தம் பண்ணச் சொல்லுங்க. மகாவலி பெருகினால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். எனவே சீற் பெல்ட்டை முழுதாக வெளியே இழுத்துப் பாருங்க. அடியில் சேற்றுக் கறை இருந்தால் அது வெள்ளத்தில் நின்ற வண்டி. ஹைபிரிட்டில் அந்த ஆபத்து இரட்டிப்பு.

எல்லா ஹைபிரிட்டும் ஒன்றல்ல. ஜப்பானில் 2013 டிசம்பரில் வந்த முதல் ஹொண்டா வெசல் ஹைபிரிட்டில் இரட்டைக் கிளச் கியர். நெரிசலில் ஊர்ந்தால் சூடாகும். 2021இல் வந்த வெசலில் அதைக் கைவிட்டு விட்டார்கள். சி-எச்ஆர் ஹைபிரிட்டில் தேய்வதற்கு அப்படி ஒரு கிளச்சே இல்லை.

வேலை விஷயமாக வாராவாரம் பதுளை, நுவரெலியா என்று ஏறுகிறவர் டர்போ எடுக்கலாம். மற்ற எல்லோருக்கும் நான் சொல்வது ஹைபிரிட்தான். 2022இல் கியூஆர் காட்டி, காருக்கு வாரம் 20 லீற்றர் என்று வாங்கிய நாட்களை மறக்க வேண்டாம். அதே 20 லீற்றரில் ஹைபிரிட்காரர் கூடுதல் தூரம் போனார். ஆனால் பற்றரியை ஸ்கான் பண்ணிய அறிக்கை கையில் வரும் வரை ஒரு ரூபாய்கூட முற்பணம் கொடுக்காதீங்க.