கடையில் கேஸ் கிரில்: நாம் அறிய வேண்டியவை

மளிகை வியாபாரத்தோடு கடை வாசலில் டீ, பஜ்ஜி, கிரில் சிக்கன் எனத் துணை வியாபாரமும் செய்யும் உறுப்பினர்கள் புதுச்சேரியில் உண்டு. அவர்களுக்காக இந்தப் பாடம்.

முதலில் சரக்கின் குணத்தை அறிவோம். புரோப்பேனும் பியூட்டேனும் கலந்ததே எல்.பி.ஜி. இது காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு பரவி, மூட்டைச் சந்துகளிலும் சாக்கடையிலும் தேங்கும். ஷட்டர் இறக்கிய கடையில் இரவெல்லாம் கசிந்திருந்தால், காலையில் ஒரு தீப்பொறி போதும்.

ஆகவே இரவில் அடுப்பின் திருகை மட்டும் மூடினால் போதாது; சிலிண்டர் வால்வையும் மூட வேண்டும். காலையில் ஷட்டரைத் திறந்ததும் கேஸ் வாடை வந்தால் எந்த சுவிட்சையும் தொடாதீர்கள். போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். குளிர்சாதனப் பெட்டி தானாகவே ஓடத் தொடங்கும். அதிலும் பொறி வரலாம். எனவே ஆட்களை விலக்கிவிட்டு, தூரத்திலிருந்து 1906 என்ற அவசர எண்ணை அழையுங்கள்.

கடைக்கு உரியது 19 கிலோ வணிக சிலிண்டர். 14.2 கிலோ வீட்டு சிலிண்டரைக் கடையில் பயன்படுத்துவதை 2000-ஆம் ஆண்டின் எல்.பி.ஜி. ஆணை தடை செய்கிறது. உரிமம் இல்லாமல் 100 கிலோவுக்கு மேல் கேஸ் இருப்பு வைக்கக் கூடாது. 19 கிலோ சிலிண்டர் ஐந்து என்றால் 95 கிலோ. ஆறாவது வந்தால் வரம்பு மீறும்.

சிலிண்டரை வாங்கும்போது சோதனைத் தேதியைப் பாருங்கள். ஏ, பி, சி, டி என்பவை ஆண்டின் நான்கு காலாண்டுகள். 'சி 28' என்றால் 2028 செப்டம்பர் வரை. தேதி கடந்ததைத் திருப்பி அனுப்புங்கள்.

உப்புக் காற்று வீசும் ஊர் நம்முடையது. பர்னர் துருப்பிடித்துத் துளைகள் அடைபடும். சுடர் நீலமாக எரிய வேண்டும். மஞ்சளாக எரிந்தால் கேஸ் வீணாகிறது, கரியும் பிடிக்கிறது. துளைகளைக் கம்பி பிரஷால் சுத்தம் செய்யுங்கள். குழாய் இணைப்பில் கசிவு உண்டா என்று சோப்பு நீர் தடவிப் பாருங்கள். தீக்குச்சி கூடவே கூடாது.

கிரில்லின் மூடியைத் திறந்து வைத்த பிறகே பற்ற வையுங்கள். உடனே பற்றாவிட்டால் கேஸை மூடி, ஐந்து நிமிடம் பொறுங்கள். பத்து நிமிடம் சூடேறிய பிறகு கறியை வைத்தால் ஒட்டாது, நேரமும் மிச்சம். கொழுப்பு வடியும் தட்டை அன்றாடம் காலி செய்யுங்கள். கொழுப்பில் தீப்பிடித்தால் கேஸை மூடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். கேஸ் தீரும் நேரத்தில் சிலிண்டரைப் படுக்க வைப்பதும் வெந்நீர் ஊற்றுவதும் ஆபத்து.

கல்லாவைப் பூட்டாமல் நாம் வீட்டுக்குப் போவதில்லை. இனி சிலிண்டர் வால்வை மூடாமலும் போக வேண்டாம்.